கடலை யார் திறந்துவிட்டது?

1

நான் இருக்கும் ஊரில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை காணாமல் போகும். காலையில் மதிலில் மோதிக்கொண்டிருந்த தண்ணீர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் இருக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல், அங்கங்கே பாறை. படகுகள் தரையில் சாய்ந்து கிடக்கும். சாயங்காலம் மறுபடி வந்து மதிலைத் தொடும். பிரான்சின் வடமேற்கு மூலையில் சான்-மாலோ என்ற துறைமுக ஊர் இது. இங்கே படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன்.

இதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அழகாம். எனக்கு அழகாக இல்லை. போன வருடத்திலிருந்து கடல் வற்றும் நேரத்தில் நான் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. தண்ணீர் போனதும் அந்த இடத்தில் கொள்ளிடம் வந்து படுத்துக்கொள்கிறது. அதே மணல். அதே மாதிரி நடுநடுவே மினுங்கும் தண்ணீர்.

என் சொந்த ஊர் ஸ்ரீரங்கம். உடனே கோபுரத்தையும் பெருமாளையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் அந்த வீதிக்காரர்கள் இல்லை. வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய வீடு. ஸ்ரீரங்கமும் தீவுதான். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். மேற்கே முக்கொம்பு அணையில் திறந்துவிட்டால்தான் அதற்குத் தண்ணீர். திறக்காத நாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குறுக்கே நடந்து அக்கரைக்குப் போய்விடுவோம். பஸ்ஸுக்குக் காத்திருப்பதைவிட அது சுலபம்.

போன வருடம் ஆடியில் என் அண்ணன் மகன் கார்த்தி அந்த ஆற்றில் செத்துப்போனான். பாலிடெக்னிக் கடைசி வருடம். நண்பர்களோடு ஆற்று நடுவில் கிரிக்கெட் ஆடிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் கணுக்கால் அளவுக்குப் பரவியிருந்தது. "கணுக்கால் தண்ணிதான்டா, வாங்க" என்று சொல்லிவிட்டு அவன்தான் முன்னால் நடந்தானாம். அடுத்த அடி வைத்த இடத்தில் தரை இல்லை. மணல் அள்ளுகிறவர்கள் தோண்டிவிட்டுப் போன பள்ளம். மேலே நின்று பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீர். பள்ளம் எது, தரை எது என்று தெரியாது. நன்றாக நீந்துவான். ஓரத்து மணல் சரிந்து அவன் மேலேயே விழுந்தது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

அவனைத் தேடியதை நான் போனில் பார்த்தேன், பட்டறைக் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு. கரையிலிருந்து யாரோ வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்வொர்க் போய்ப் படம் அப்படியே நின்றுவிட்டது. ஆள் யாரும் இல்லாத மணலும் தண்ணீரும். கொஞ்ச நேரம் கழித்து லைன் கட்டாகிவிட்டது. என் கண்ணுக்குள் அந்தப் படம் இன்னும் நின்றபடிதான் இருக்கிறது. சாவுக்குக்கூட நான் போகவில்லை. அப்போது என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கையில் இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது.

2

அண்ணன் பெயர் செல்வராஜ். திருவளர்ச்சோலையில் குத்தகைக்கு வாழை போடுகிறார். மகன் போன பிறகு தோட்டத்துக்குப் போனதைவிட ஆபீஸ்களுக்குப் போனதுதான் அதிகம்.

'குளிக்கச் சென்றபோது தவறி விழுந்து' என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டார்கள். அண்ணன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவன் குளிக்கப் போகவில்லை, தவறி விழவும் இல்லை, வீட்டுக்கு நடந்து வந்தான், ஊர் ஜனம் நடக்கிற வழியில் எப்படிக் கிணற்று ஆழத்துக்குப் பள்ளம் வந்தது? இந்த ஒரே கேள்வியோடு திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். பள்ளத்தைத் தோண்டியது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஒருவருக்கும் தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் அந்தக் கரைக்காரர்கள் இருந்தால் உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு வழியாக விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். தேதி குறித்த கொஞ்ச நாளில் அண்ணி எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, அவரைக் கொஞ்ச நாள் அங்க கூப்பிட்டு வெச்சுக்கங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"என்ன அண்ணி ஆச்சு?"

"காயத்ரி பஸ் ஏறுற எடத்துல ஒரு பைக் வந்து நிக்குது. ரெண்டு பேரு. ஒண்ணும் பேசறதில்ல, சும்மா நின்னு பாக்குறானுங்க. போனவன் போயிட்டான். இருக்கறவளையாச்சும் நான் காப்பாத்தணும்ல?"

காயத்ரி கார்த்தியின் தங்கை. நர்சிங் படிக்கிறாள். அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அழாமல் கேட்டதால் சரி என்றேன்.

விசாரணையில் அண்ணன் 'மகன் தவறித்தான் விழுந்தான், எனக்கு யார் மேலும் புகார் இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்துவிடும். அந்தக் கையெழுத்தைப் போட அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்காகத்தான் கூப்பிட்டேன். ஊர் சுற்றிக் காட்ட இல்லை.

விசா முதல் தடவை கிடைக்கவில்லை. 'திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லை' என்று ஒரே வரி. வாழைத் தோட்டம் காரணம் இல்லையாம். மனைவியும் மகளும் காரணம் இல்லையாம். அவர் என் வீட்டில்தான் தங்குவார் என்று இங்கே நகராட்சி ஆபீஸில் வரவேற்புச் சான்று வாங்க வேண்டும். வீடு எத்தனை சதுர மீட்டர், அவர் எந்த அறையில் படுப்பார் என்றெல்லாம் கேட்டார்கள். கோபத்தில் அங்கே கேள்வி கேட்ட அம்மாவை நான் 'நீ' போட்டுப் பேசிவிட்டேன். பிரெஞ்சிலும் நீ வேறு, நீங்கள் வேறு. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கோபம் வந்தால் எனக்கு மரியாதைப் பன்மை மறந்துபோகிறது.

இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது, விசாரணைக்கு வரச்சொல்லி அண்ணனுக்கு வந்த நோட்டீஸை மொழிபெயர்த்து வைத்தேன். இவர் இந்தத் தேதிக்கு ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினேன். விசா வந்துவிட்டது. அவரை எதிலிருந்து பிரிக்க நினைத்தேனோ அதைக் காட்டித்தான் அவரை இங்கே வரவழைத்தேன்.

3

அண்ணன் வந்து இறங்கியபோது பாதியாக இருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது.

என் மனைவி விமலா காரைக்காலில் பிறந்தவள். அவள் அப்பா காலத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை. அந்தக் காகிதத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவன்தான் நான். துவாக்குடியில் ஒரு ஷெட்டில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவனை மாப்பிள்ளையாக்கிக் கூட்டி வந்தார்கள். ஒரே மகள் மீரா. வயது பதினைந்து. நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். சின்ன வயதில் திட்டினேன். பிறகு கெஞ்சினேன். இப்போது விட்டுவிட்டேன். தமிழ் அவளுக்குக் காதோடு நின்றுவிட்டது, வாய்க்கு வரவில்லை.

அண்ணன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவள் பிரெஞ்சில் பேச, இவர் திருச்சித் தமிழில் பதில் சொல்ல, இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"என்னம்மா இது, வெறகுக்கட்டையா ரொட்டியா? இதை வெச்சு ஒரு ஆளையே அடிச்சுப் போட்டுடலாம் போலிருக்கே."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அதே வார்த்தையைச் சொன்னால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

கார்த்தி எப்படிச் செத்தான் என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது. ஆற்றில் போய்விட்டான் என்று மட்டும் சொல்லியிருந்தோம். வெள்ளம் என்று அவளே நினைத்துக்கொண்டாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்வார்கள், இவளும் போகிறாள். "மனசுல பயத்தைப் போட்டுட்டா அப்புறம் தண்ணியிலயே இறங்க மாட்டா" என்று விமலா சொன்னாள். சரி என்று நானும் விட்டுவிட்டேன். வீடியோ காலில் அவளுக்குக் கிரிக்கெட் விதிகளைச் சொல்லிக்கொடுக்கப் பாடுபட்டவன் கார்த்தி. அவளுக்கு எல்.பி.டபிள்யூ. கடைசி வரை புரியவில்லை.

அண்ணன் இரவில் தூங்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அவர் படுக்கை போட்டபடியே இருந்தது. நானும் ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் பேச்சை எடுக்க வாயைத் திறந்தேன், எடுக்கவில்லை.

4

கார்த்திக்கு வருஷம் வருவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. விமலாவுக்கு வேலை. மீராதான் பெரியப்பாவைக் கோட்டைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றாள். கடற்கரைக்கு எதிரே பாறைத் தீவு ஒன்று உண்டு. அதன் தலையில் ஒரு கோட்டை. பழைய ராஜா காலத்தில் ஆங்கிலேயர் கப்பல்களைச் சுட்டுத் தடுக்கக் கட்டியது. கடல் வற்றினால் மணலில் நடந்தே போகலாம். கடல் வந்துவிட்டால் நடுத்தண்ணீரில் நிற்கும். அங்கே அண்ணனைத் தனியாக உட்காரவைத்துப் பேசிவிடலாம் என்று நானும் கிளம்பினேன்.

மணல் தொடங்குகிற இடத்தில் அண்ணன் நின்றுவிட்டார்.

"ஏன்டா குமாரு, இங்க மணல் அள்ள மாட்டாங்களா?"

"மாட்டாங்கண்ணே."

"யாருமேவா?"

"யாருமே."

"ஒரு லாரித் தடம்கூட இல்லையே." குனிந்து ஒரு பிடி எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்தார். "நல்ல மணல்டா. அப்படியே போட்டு வெச்சிருக்கானுங்க."

மணலுக்குக் குறுக்கே கல் பாவிய பாதை ஒன்று தீவு வரை போகிறது. அதில்தான் நடந்தோம். அண்ணன் மீராவின் பின்னால், அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வந்தார். நான் அதைக் கவனித்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கோட்டைக்குள் போனதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பீரங்கியைத் தட்டிப் பார்த்தார். கைதிகளை அடைத்த அறைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மதில் மேல் ஏறி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குப் போய் டிக்கெட்டா? நம்மூர்ல ஏழு மதில்டா. பெருமாளைப் பாக்கப் போற அவசரத்துல எல்லாத்தையும் சும்மாவே தாண்டிட்டுப் போறோம். மலைக்கோட்டை ஏறுனவனுக்கு இதெல்லாம் மொட்டை மாடி."

மீரா அதைக் காவல்காரப் பெண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். கோட்டையிலேயே தங்கியிருப்பவள் அந்தப் பெண், முப்பது வயது இருக்கும். அவளும் சிரித்தாள்.

மீரா அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஆரம்பித்தேன். அண்ணி சொன்னதைச் சொன்னேன். பைக்கைச் சொன்னேன். "ஒரு கையெழுத்துதாண்ணே. அதோட விட்டுடுவாங்க. கார்த்தி திரும்பி வரப்போறதில்ல" என்றேன்.

அண்ணன் கரையைப் பார்த்தபடி நின்றார்.

"கேக்குதா அண்ணே?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், சொல்லு."

அதற்குள் மணி அடித்தது. கடல் திரும்புவதற்கு முன்னால் எல்லோரும் வெளியேற வேண்டும் என்பதற்காக அடிக்கிற மணி. ஆட்கள் படியிறங்கிப் போனார்கள். நான் பேச்சை முடித்துவிட வேண்டும் என்ற வெறியில் அவரை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துவைத்தேன். நாங்கள் கடைசிப் படிக்கு வந்தபோது பாதையின் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் மெல்லியதாக ஏறியிருந்தது. முன்னால் போனவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு சளப்சளப்பென்று நடந்துகொண்டிருந்தார்கள்.

மீராவும் ஷூவைக் கழற்றினாள். ஒரு காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு திரும்பினாள். பெரியப்பாவைச் சந்தோஷப்படுத்த நினைத்தாளோ என்னவோ, தமிழில் சொன்னாள்:

"வாங்க பெரியப்பா, கணுக்கால் தண்ணிதான்."

அண்ணன் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். அப்படி ஒரு பலம் அந்த உடம்பில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் படியில் விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது.

"இறங்காதடி! இறங்காத!"

குரல் மதிலில் மோதித் திரும்பி வந்தது. தண்ணீரில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அண்ணே, இது கல்லு போட்ட வழி. பள்ளம் கிள்ளம் ஒண்ணும் கெடையாது. தெனம் எத்தனையோ பேர் போறாங்க."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"எனக்குத் தெரியும்ணே!"

"கார்த்திக்கும் தெரியும்டா. அவன் பொறந்ததுல இருந்து நடந்த ஆறு."

பதில் இல்லாததால் கத்தினேன். புத்தி கெட்டுப்போச்சா, எனக்கு நாளைக்கு வேலை இருக்கு, பிள்ளை காலைப் பாருங்க, மானத்தை வாங்காதீங்க என்று என்னவெல்லாமோ கத்தினேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மீராவின் மணிக்கட்டை விடவில்லை. காவல்காரப் பெண் ஓடி வந்து, இப்போதே போங்கள், இல்லையென்றால் சாயங்காலம்தான், நடுவில் போக விடமாட்டேன் என்றாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. அதன் பிறகு அண்ணனே ஒத்துக்கொண்டாலும் போக முடியாது.

5

இப்படித் தீவில் மாட்டிக்கொள்வது இந்த ஊரில் அவ்வப்போது நடக்கிறதுதான். மாட்டிக்கொண்டால் தீவிலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டும், கடக்க முயலக் கூடாது என்று படிக்குப் பக்கத்தில் போர்டே வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத் தண்ணீர் எப்போது வரும், எப்போது போகும் என்ற நேரமும் எழுதியிருக்கிறது. ரொட்டிக் கடையில்கூட வருடம் முழுவதற்கும் அச்சடித்த நேரப் புத்தகம் கிடைக்கும்.

காவல்காரப் பெண் மீராவின் முட்டியைக் கழுவிப் பிளாஸ்டர் ஒட்டினாள். எங்களுக்குக் காபி கொடுத்தாள். நாங்கள் மதில் மேல் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேற்கே பார்த்தார். கிழக்கே பார்த்தார். மறுபடி மேற்கே பார்த்தார்.

"எங்கடா திறந்துவிட்டிருக்கானுங்க?"

"என்னண்ணே?"

"எந்தப் பக்கம் திறந்தது? ரெண்டு பக்கமும் வருதே."

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு அது கேட்க வேண்டிய கேள்விதான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் மேற்கிலிருந்துதான் வரும். தானாக வராது. மேட்டூரில் ஒருவர் திறக்க வேண்டும், முக்கொம்பில் ஒருவர் திருப்ப வேண்டும். ஒரு கை இல்லாமல் எங்கள் ஆற்றில் தண்ணீர் இல்லை. அறுபது வயதில் அண்ணன் முதல் தடவையாக யாரும் திறக்காமல், நடந்து வந்த வழி மேலேயே தானாக ஏறும் தண்ணீரைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கிட்ட கேளும்மா. கடலை யாரு திறந்துவிட்டதுன்னு."

மீரா என்னைப் பார்த்தாள். கேள் என்று தலையாட்டினேன். கேட்டாள். காவல்காரப் பெண் சிரிக்கப் போனாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னாள்.

"நிலாவாம் பெரியப்பா" என்றாள் மீரா.

நாங்கள் நடந்து வந்த பாதை முழுதும் தண்ணீருக்குள் போய்விட்டது. கரையில் ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள். வெகுநேரம் கழித்து மீரா கேட்டாள், பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாக. கார்த்தி அண்ணா வெள்ளத்தில் போகவில்லையா?

நான் குறுக்கே விழுந்து தடுக்கப் பார்த்தேன். "இருடா" என்று அண்ணன் என்னை அடக்கிவிட்டு அவளிடம் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். கிரிக்கெட், கணுக்கால் தண்ணீர், கார்த்தி சொன்ன வார்த்தை, பள்ளம், சரிந்த மணல். மறுநாள் எங்கே கிடைத்தான், எப்படிக் கிடைத்தான் என்பது வரை சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் தூங்காத இரவுகளில் இதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். தான் தண்ணீரில் நின்று சொன்னது கார்த்தியின் வார்த்தை என்று மீராவுக்குப் புரிந்தபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

அவள் அழவில்லை. கேள்வி கேட்டாள்.

"போர்டு இல்லையா பெரியப்பா?"

"இல்லம்மா."

"மணி?"

"இல்ல."

"ஏன்?"

பதினைந்து வயதுப் பெண். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆபத்து இருக்கிற இடத்தில் போர்டு இருக்கும் என்று நம்புகிறவள். அவளுடைய 'ஏன்' எனக்குக் கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது. ஒரு வருடமாக நாங்கள் எல்லோரும் அண்ணனைப் பைத்தியம் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கேட்டதும் இதே கேள்விதானே.

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நிலா மேல கேஸ் போட முடியுமாடா குமாரு?"

"என்னண்ணே பேசறீங்க?"

"முடியாதுல்ல? அது மேல போட முடியாதுங்கறதால இவனுங்க போர்டு வெச்சிருக்கானுங்க, மணி வெச்சிருக்கானுங்க, ஒரு பொண்ணைக் காவலுக்குப் போட்டிருக்கானுங்க. அங்க பள்ளம் வெட்டுனது நிலா இல்லடா. மனுசன். பேரு இருக்கு, ஊரு இருக்கு, லாரிக்கு நம்பர் இருக்கு. நான் எதுக்குடா புகார் இல்லேன்னு எழுதணும்?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

"நீங்க வீரமா பேசிட்டுப் போயிடுவீங்க. காயத்ரியை நெனச்சீங்களா? அவ பஸ் ஸ்டாப்புல தனியா நிக்கிறா."

"அவளை நெனைக்காம இருப்பேனா? மனுவை எல்லாம் டைப் அடிச்சுக் குடுக்கறதே அவதான்டா." தலையைக் குனிந்துகொண்டார். "ஒங்க அண்ணிக்குத் தெரியாது. சொல்லிடாத. அந்த பைக் நம்பரையும் அவதான் எழுதி வெச்சிருக்கா. 'நீங்க விட்டாலும் நான் விட மாட்டேம்ப்பா'ங்கறா. இப்ப நான் கையெழுத்துப் போட்டுட்டு அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

அண்ணியிடம் நான் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் உடைந்துபோனது. போடுங்க என்று இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போடாதீங்க என்று சொல்லவும் வரவில்லை. காயத்ரிக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் இங்கே இருப்பேன். இன்னொரு தடவை போனில் பார்ப்பேன்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. கல் பாதை முதுகைக் காட்டியது. அண்ணன் முன்னால் போனார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுத்தார். மீரா அவர் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். எத்தனையோ தடவை இந்தப் பாதையில் ஓடியவள் அவள். அவசரப்படுத்தவில்லை. நான் கடைசியில் வந்தேன். இரண்டு பக்கமும் ஈர மணல் பளபளத்தது. அதற்குள் யாரோ நடந்து வருகிற மாதிரி இருந்தது. நான் திரும்பவில்லை.

6

அண்ணன் ஊருக்குத் திரும்பிப் போனார். விசாரணையில் கையெழுத்துப் போடவில்லை. அண்ணி எனக்குப் போன் செய்து திட்டினார்.

"திருத்தி அனுப்புங்கன்னு சொன்னா, கெடுத்து அனுப்பிட்டீங்களே தம்பி. நீங்க கடல் கடந்து பத்திரமா இருக்கீங்க. உங்களுக்கென்ன?"

திட்டட்டும். சரியாகத்தான் திட்டினார். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் இருப்பவர்களுக்குத் தைரியம் சொல்வதைப் போல அசிங்கம் ஒன்றுமில்லை. நான் அண்ணனுக்குத் தைரியம் சொல்லவில்லை. ஆனால் அவர் திரும்பிப் போனபோது தடுக்கவும் இல்லை.

விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். மறுபடியும் தள்ளிவைத்தார்கள். பைக் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. காயத்ரி இப்போது கூடப் படிக்கிற பெண்களோடு சேர்ந்து பஸ் ஏறுகிறாளாம். அவளிடம் பேசினேன். "சித்தப்பா, நீங்க பயப்படாதீங்க, அப்பாவைக் கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். மீரா அவளோடு தினமும் பேசுகிறாள். எந்த பாஷையில் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் அண்ணன் ஒரு போட்டோ அனுப்பினார். கொள்ளிடம். மணலில் வரிசை இல்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சவுக்குக் கம்புகள் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் துணி கட்டியிருந்தது. உடனே கூப்பிட்டேன்.

"என்ன அண்ணே இது?"

"பள்ளம் இருக்கற எடம்டா. மேல திறக்கப் போறாங்களாம். தண்ணி வந்துட்டா எது பள்ளம்னு தெரியாதுல்ல? பசங்க சொன்னா கேக்க மாட்டானுங்க, கிரிக்கெட் ஆடப் போவானுங்க."

"புடுங்கிப் போட மாட்டாங்களா?"

"போட்டானுங்க. முந்தாநாள் பாதியைப் புடுங்கிட்டானுங்க. திரும்ப நட்டாச்சு."

"கேஸ்?"

"அது நடக்கறப்ப நடக்கட்டும்."

போனை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் நின்ற கம்பில் கட்டியிருந்தது நீலமும் வெள்ளையும் கோடு போட்ட துணி. இந்த ஊர் மாலுமிகள் போடுகிற பனியன். திருச்சியில் அது எந்தக் கடையிலும் கிடைக்காது. கார்த்திக்கு நான் வாங்கிக் கொடுத்தது. பக்கத்துக் கம்பில் கட்டம் போட்ட சட்டையின் கை. அதற்கும் பின்னால் காலேஜ் யூனிபாரம் மாதிரி ஏதோ ஒன்று.

அவன் பீரோவை அண்ணி பூட்டி, சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அண்ணனைக்கூடத் தொட விட்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. திட்டினாலும் பரவாயில்லை என்று அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, கம்புல கட்டியிருக்கறது கார்த்தி துணியா?"

"ஆமா தம்பி. நான்தான் கிழிச்சுக் குடுத்தேன்." பின்னால் மிக்ஸி ஓடியது. "அவர் ஏதோ பழைய சாக்கைக் கட்டிக்கிட்டு இருந்தாரு. அது தூரத்துல இருந்து பாத்தா தெரியுமா? இதெல்லாம் நல்லா பளிச்சுனு இருக்குல்ல."